தீப்புள்ளி வேறு, புகை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறட்சிக் காலத்தில் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் தீ மூண்டால், சிவப்புப் புள்ளிகள் நிறைந்த வரைபடம் நாளிதழ்களிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் வலம் வரத் தொடங்கிவிடும். புள்ளி கூடினால் மக்கள் அஞ்சுகிறார்கள், குறைந்தால் நிம்மதி அடைகிறார்கள். அந்தப் படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: துணைக்கோளம் (செயற்கைக்கோள்) தலைக்கு மேல் கடந்த அந்தச் சில நிமிடங்களில் தரையில் எங்கே சூடு மிகுந்திருந்தது என்பது. புகை எந்தப் பக்கம் போனது, எவ்வளவு உயரத்தில் போகிறது, நம் வீட்டு வாசலை எப்போது எட்டும் என்பது எதுவும் அதில் இல்லை. இவற்றைச் சொல்லும் படங்கள் வேறு. அவையும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது, படிக்கும்போது எங்கே தவறு நேரும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவும், உங்கள் இதழிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் ஜொகூர் பாருவிலிருந்து இதை எழுதுகிறோம்.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிடக் காற்றின் திசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2013ஆம் ஆண்டே போதும். அந்த ஆண்டு, நம் பகுதியில் வறட்சியைக் கூட்டும் எல் நினோ இல்லை. தீ பெரும்பாலும் சுமத்ராவின் ரியாவ் மாநிலத்துக்குள்தான் எரிந்தது. ஆனால் ஜூன் மூன்றாம் வாரத்தில் காற்று மேற்கிலிருந்து நேராகக் கிழக்கே வீசியது. ரியாவ் கரையிலுள்ள டுமாய்க்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 260 கி.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் புகை 13 மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும். ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ, மூன்று மணி நேரச் சராசரியில் 401ஐத் தொட்டது. ஜூன் 23 அன்று ஜொகூரின் மூவாரில் மலேசியக் குறியீடான ஐபியு 746ஆக உயர்ந்து, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015இல் நிலைமை வேறு. வலுவான எல் நினோ. தென் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் மாதக்கணக்கில் பீட் என்னும் சதுப்பு நிலத் தாவர மண் எரிந்தது. இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்ததாகவும் இழப்பு 1,600 கோடி அமெரிக்க டாலர் என்றும் உலக வங்கி கணக்கிட்டது. அத்தனை பெரிய தீ எரிந்த அந்தப் பருவத்திலும் காற்று சற்றே திரும்பிய நாள்களில் நம் வானம் தெளிந்தது. மறுபடி திரும்பியதும் புகை வந்து மூடியது. செப்டம்பர் 25 அன்று சிங்கப்பூரில் பள்ளிகளை மூடும் அளவுக்கு அது முற்றியது.

முதலில் அந்தச் சிவப்புப் புள்ளி எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். எரியும் நெருப்பு 4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தையொட்டி மிகப் பிரகாசமாக ஒளிரும். சாதாரணத் தரை 11 மைக்ரோமீட்டரையொட்டி ஒளிரும். ஒரே படப்புள்ளியில் (பிக்சல்) இரண்டையும் ஒப்பிட்டு, 4 மைக்ரோமீட்டர் அளவு சுற்றுப்புறத்தைவிட எதிர்பாராத அளவு கூடியிருந்தால் அதைத் தீ என்று கணினி குறிக்கிறது. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய துணைக்கோளங்களில் உள்ள வியர்ஸ் கருவியின் படப்புள்ளி 375 மீட்டர் அகலம் கொண்டது. டெர்ரா, அக்வா துணைக்கோளங்களின் மோடிஸ் கருவிக்கு அது 1 கி.மீ. வரைபடத்தில் தெரியும் சதுரம் அந்தப் படப்புள்ளியின் நடுவிடத்தில் வைக்கப்பட்ட குறி மட்டுமே. அந்த 375 மீட்டர் முழுவதும் எரிகிறது என்று பொருளில்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில் எரிந்தாலும் அதே குறிதான் விழும். ஆகவே "இன்னாருடைய செம்பனைத் தோட்டத்துக்குள் தீ" என்று புள்ளியை வைத்து மட்டும் விரல் நீட்டக் கூடாது. எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்தால் தீ பக்கத்து நிலத்திலும் இருக்கலாம். சரியான இடம் வேண்டுமென்றால் சென்டினல்-2 படத்துக்குப் போக வேண்டும். அதன் குறுஅலை அகச்சிவப்புப் படம் 20 மீட்டர் நுணுக்கத்தில் தீயின் விளிம்பையே ஆரஞ்சு நிறக் கோடாகக் காட்டும். புகைக்கற்றை எந்தத் திசையில் நீள்கிறது என்பதும் அதிலேயே தெரியும். இரண்டு துணைக்கோளங்கள் சேர்ந்தும் ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் ஓரிடத்தைப் பார்க்கும், அன்று மேகம் இருந்தால் அதுவும் போயிற்று என்பது அதன் குறை.

புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. நிலநடுக்கோட்டுப் பகுதியில் மேகம் இல்லாத நாள் அரிது, மேகத்துக்குக் கீழே எரிவதை இந்தக் கருவிகள் காணா. மோடிஸ் கருவி பார்க்கும் பட்டையின் அகலம் 2,330 கி.மீ. நிலநடுக்கோட்டருகே அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் இடைவெளி விழும் என்பதால், சுமத்ராவின் ஒரு பகுதி அன்றைக்குப் பார்க்கப்படாமலே போகலாம். வியர்ஸ் பட்டை 3,060 கி.மீ. அகலம் கொண்டது என்பதால் அந்த இடைவெளி அதற்கு இல்லை. அடுத்தது நேரம். வியர்ஸ் துணைக்கோளங்கள் பிற்பகல் 1.30ஐயொட்டியும் நள்ளிரவு தாண்டி 1.30ஐயொட்டியும் கடக்கின்றன. மாலை 3 மணிக்குக் கொளுத்தி 6 மணிக்குள் எரிந்து தீரும் காய்ந்த புல்வெளித் தீ எந்தக் கணக்கிலும் வராது. புகையே மிக அடர்ந்துவிட்டால் அதை மேகம் என்று கணினி தவறாக எடுத்துக்கொண்டு, அதன் அடியிலுள்ள தீயைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவதும் உண்டு. அதாவது நிலைமை மிக மோசமான நாளில் புள்ளிகள் குறைந்து காணப்படலாம்.

பீட் மண்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்த பிறகு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் குவிந்து கிடந்த தாவர எச்சம் காய்ந்து எரிபொருளாகிவிடுகிறது. அது சுடர்விட்டு எரிவதில்லை, மண்ணுக்கடியில் கனன்று கொண்டே நகர்கிறது. மேலே தெரியும் சூடு குறைவு, வெளிவரும் புகையோ மிக அதிகம். தீயின் கதிர்வீச்சு ஆற்றலை வைத்து எவ்வளவு பொருள் எரிகிறது என்று கணிக்கும் வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் நொடிக்கு 0.368 கிலோ உலர்ந்த தாவரப் பொருள். 10 மெகாவாட் என்று குறிக்கப்பட்ட புள்ளியில் நொடிக்கு 3.7 கிலோ. புல்வெளிக்கும் காட்டுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். மண்ணுக்கடியில் எரியும் பீட்டுக்குப் பொருந்தாது. சூட்டின் பெரும்பகுதியை மண்ணே விழுங்கிவிடுவதால் கணக்கு மிகக் குறைவாக வரும்.

எதிர்த் திசையிலும் தவறு வரும். ரியாவின் எண்ணெய் வயல்களில் எரிவாயுவை எரித்துவிடும் புகைபோக்கிகள், உலைகள், கொதிக்கும் எரிமலை வாய்கள் எல்லாம் ஆண்டு முழுவதும் அதே இடத்தில் புள்ளியாக விழும். மூன்று மாதத்துக்கு முன்பு உள்ள ஒரு தேதியைத் திறந்து பாருங்கள். அதே இடத்தில் புள்ளி இருந்தால் அது காட்டுத்தீ அல்ல. இன்னொன்று, தீப்புள்ளி வரைபடம் தரும் நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில் எல்லாத் துணைக்கோளங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே தீ இரவும் பகலுமாக ஐந்து ஆறு முறை எண்ணப்படும். "ஒரே நாளில் தீ இரட்டிப்பு" என்று பரவும் படங்கள் சில, கூடுதலாக ஒரு துணைக்கோளத்தைச் சேர்த்துக்கொண்டதால் வந்தவை. நேற்றையும் இன்றையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே துணைக்கோளம், ஒரே கடப்பு, தீதான் என்பதில் ஒரே நம்பக அளவு என்று வைத்துக்கொண்டு, இரண்டு நாளின் மேகப் படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இனிப் புகை. நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, நோவா-20 துணைக்கோளத்தின் இயல்நிறப் படத்தை வையுங்கள். புகை சாம்பல் கலந்த நீலமாக அல்லது பழுப்பாக, விளிம்பு கலைந்து, கீழுள்ள ஆறும் கடற்கரையும் மங்கலாகத் தெரியும்படி பரவியிருக்கும். மேகம் பால் வெள்ளை, விளிம்பு கூர்மை, பெரும்பாலும் பக்கத்தில் நிழல் விழும். மெல்லிய உயர்மேகம் மட்டும் கண்ணை ஏமாற்றும். அதைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே தளத்தில் குறுஅலை அகச்சிவப்பைச் சேர்த்த பொய்நிறப் படம் ஒன்று உண்டு. மோடிஸ் கருவியில் அதற்கு 7-2-1 என்று பெயர். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியது, 2.1 மைக்ரோமீட்டர் ஒளி அதைத் தடையின்றிக் கடந்துவிடும். மேகத்தின் நீர்த்துளி அதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் அந்த ஒளியையும் அது சிதறடிக்கும். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இயல்நிறத்தில் இருந்து பொய்நிறத்தில் மங்கிப் போனது புகை, இரண்டிலும் நிற்பது மேகம். எரிந்து முடிந்த நிலம் செம்பழுப்புத் தழும்பாக அதே படத்தில் தெரியும்.

மலாக்கா நீரிணையில் இரண்டு பொறிகள் உள்ளன. ரியாவ் கரையோரம், ஆற்று முகத்துவாரங்களில் கலங்கிய வண்டல் நீர் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். அதைப் புகை என்று வட்டமிட்டுக் காட்டும் படங்கள் ஒவ்வோர் ஆண்டும் உலவுகின்றன. வண்டல் கரையைவிட்டு நிலத்தின் மேல் ஏறாது, நாளைக்கும் அங்கேயே கிடக்கும். புகை கரை கடல் பார்க்காமல் இரண்டின் மேலும் படர்ந்து நகரும். மற்றொரு பொறி, கடலில் சூரியன் பட்டுத் தெறிக்கும் பளபளப்பு. அகன்ற வெள்ளிப் பட்டை ஒன்று புகையையே மறைத்துவிடும், சில வேளை புகை போலவே தோன்றும். அந்த இடத்தில் நிலத்தின் மேல் என்ன தெரிகிறது என்பதை மட்டும் நம்புங்கள்.

வேர்ல்ட்வியூ படம் ஒரு கணத்தைக் காட்டும் ஒற்றைப் படம். நகர்வைப் பார்க்க ஜப்பானின் ஹிமாவாரி-9 வேண்டும். கிழக்கு 140.7 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேல் நிலையாக நின்று 10 நிமிடத்துக்கு ஒரு முறை முழு வட்டத்தையும் படமெடுக்கிறது. சிவப்பு அலைவரிசையில் அரை கி.மீ., நீலத்திலும் பச்சையிலும் 1 கி.மீ., வெப்ப அலைவரிசைகளில் 2 கி.மீ. நுணுக்கம். முன்னோடியான ஹிமாவாரி-8 பணிக்கு வந்தது 2015 ஜூலையில், அதாவது அந்தப் பெரும் புகைமூட்டத்துக்குச் சற்று முன்பு. 2022 டிசம்பரில் ஹிமாவாரி-9 பொறுப்பை ஏற்றது. படத்தில் அச்சாகியிருக்கும் நேரம் கிரீன்விச் நேரம். நமக்கு 8 மணி நேரம் கூட்ட வேண்டும், சுமத்ராவுக்கு 7. படத்தில் 09:00 என்றிருந்தால் இங்கே மாலை 5 மணி. இந்த எட்டு மணி நேரத்தை மறந்து, காலைப் படத்தை மாலைக் காற்றோடு பொருத்திக் குழம்புபவர்கள் மிகப் பலர்.

எந்த நேரத்துப் படம் சிறந்தது என்பதற்கும் காரணம் உண்டு. புகைத்துகள் ஒளியை, அது போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே முன்னோக்கி அதிகம் சிதறடிக்கும். ஹிமாவாரி நமக்குக் கிழக்கே இருக்கிறது. மாலையில் சூரியன் மேற்கே தாழும்போது, புகையைக் கடந்து வரும் ஒளி துணைக்கோளத்தை நோக்கியே செல்லும் என்பதால் மெல்லிய புகைகூடப் பளிச்சென்று தெரியும். உச்சி வேளையில் அதே புகை கண்ணுக்கே புலப்படாமல் போகும். ஆகவே நண்பகல் படத்தைப் பார்த்துவிட்டுப் புகை கலைந்தது என்றும், மாலைப் படத்தைப் பார்த்துவிட்டுப் புகை திடீரெனக் கூடியது என்றும் முடிவு கட்டாதீர்கள்; வெளிச்சத்தின் கோணம் மட்டும் மாறியிருக்கலாம். நேற்று மாலை 5 மணியை இன்று மாலை 5 மணியோடுதான் ஒப்பிட வேண்டும். செப்டம்பரில் பிற்பகல் 4 மணி வாக்கில் நம் கடற்பகுதியில் சூரியப் பளபளப்பு விழும், 5 மணிக்கு மேல் அது மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்துவிடும். 5 மணி முதல் 6.30 வரையிலான படங்களே பொன்னான படங்கள்.

நகர்வை அளப்பது கடினமல்ல. புகையின் தெளிவான ஒரு விளிம்பை அல்லது அடர்ந்த முடிச்சை 10 நிமிடப் படத்தொடரில் பின்தொடருங்கள். பிற்பகல் 2 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அது எங்கே இருந்தது என்று குறித்து, வரைபடத்தின் அளவுகோலால் தூரத்தை அளந்து மூன்றால் வகுத்தால் வேகம் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு: விளிம்பு 3 மணி நேரத்தில் 60 கி.மீ. வடக்கே நகர்ந்து மாலை 5 மணிக்கு, சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள லிங்கா தீவின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. அங்கிருந்து ஜொகூர் பாரு ஏறக்குறைய 200 கி.மீ. பத்து மணி நேரம், அதாவது அதிகாலை 3 மணி. இரவில் வேகம் 15 முதல் 25 வரை மாறலாம் என்று வைத்துக்கொண்டால் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6.30 மணிக்குள் வந்து சேரும். படுக்கும் முன் சன்னல்களை மூடிவிட வேண்டும் என்பது இந்தக் கணக்கின் பயன். காலையில் எழுந்து குறியீட்டைப் பார்ப்பதற்குள் ஒரு வீட்டின் காற்று முழுவதும் மாறிவிட்டிருக்கும். மேக முடிச்சைப் புகை என்று பின்தொடர்ந்துவிட்டால் கணக்கு கெடும். உயர்மேகம் வேறு திசைக் காற்றில் மிதக்கிறது.

இருட்டிய பிறகு புகையைத் தொடர்வது கடினம். வெப்ப அகச்சிவப்பு ஒளி புகையைப் பெரும்பாலும் ஊடுருவிவிடுவதால் இரவுப் படங்களில் புகை தெரியாது. "ராத்திரிப் படம் சுத்தமாக இருக்கிறது" என்று யாராவது அனுப்பினால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. நிலவு வெளிச்சம் நன்றாக உள்ள நாள்களில் வியர்ஸ் கருவியின் இரவு ஒளி அலைவரிசை ஓரளவு காட்டும். மற்ற நாள்களில் தரை அளவீடுகளும் காற்றுக் கணிப்பும்தான் துணை.

காற்று என்றதும் பலர் கைப்பேசிச் செயலியில் தரைமட்டக் காற்றைப் பார்க்கிறார்கள். நம் தீபகற்பத்தில் பகல் நேரத் தரைக்காற்றைக் கடற்காற்றும் உள்ளூர் இடிமழையும் ஆட்டிப் படைக்கும்; புகையைச் சுமந்து வரும் காற்று அதற்கு மேலே இருக்கிறது. 925 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தை, அதாவது சுமார் 750 மீட்டர் உயரத்துக் காற்றைப் பாருங்கள். விண்டி போன்ற தளங்களில் உயரத்தை மாற்றும் பட்டி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே காற்று தென்கிழக்கிலிருந்து வந்து, கோட்டைத் தாண்டியதும் வளைந்து தென்மேற்கிலிருந்து வீசும். ஆகவே சுமத்ராவின் ஜம்பியிலோ பாலெம்பாங்கிலோ கிளம்பும் புகை நேர்கோட்டில் வராது. பாலெம்பாங்கிலிருந்து சிங்கப்பூர் 480 கி.மீ.; நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 27 மணி நேரம். கலிமந்தான் புகைக்குப் பெரும்பாலும் சரவாக்கின் கூச்சிங்தான் முதல் இலக்கு.

வளைந்து வரும் பாதையைக் கணக்கிட அமெரிக்காவின் நோவா காற்றுவள ஆய்வகம் நடத்தும் ஹைஸ்ப்ளிட் என்ற கணினி மாதிரி பயன்படும். இணையத்திலேயே ஓட்டலாம். தொடக்க இடமாக வடக்கு 1.48, கிழக்கு 103.75 என்று ஜொகூர் பாருவைக் கொடுத்து, பின்னோக்கிய பாதை, 48 மணி நேரம், உயரம் 200, 500, 1,000 மீட்டர் என்று மூன்றையும் ஒரே ஓட்டத்தில் கேளுங்கள். காலை 8 மணிக்கு வந்த புகை எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் தொடக்க நேரம் கிரீன்விச் 00 மணி. மூன்று கோடுகளும் ஒன்றாகச் சென்று ஒரே தீப்பகுதியைத் தொட்டால் முடிவை நம்பலாம். 200 மீட்டர் கோடு ஜம்பிக்கும் 1,000 மீட்டர் கோடு ரியாவுக்கும் பிரிந்து போனால், எந்த மாநிலத்துப் புகை என்று அடித்துச் சொல்லக் கூடாது. 72 மணி நேரத்துக்கு மேல் இழுக்கப்பட்ட பாதைகளை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. நிலநடுக்கோட்டில் காற்று பலவீனம், இடிமழை அதிகம், மாதிரியில் சிறிய பிழைகூட மூன்றாம் நாளில் நூற்றுக்கணக்கான கி.மீ. ஆகிவிடும். அதிகாலையில் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் சுமத்ரா புயற்காற்று ஒன்றே போதும், அதுவரை போட்ட கணக்கையெல்லாம் கலைத்துவிட. புகையையும் அது கழுவிவிட்டுப் போகும்.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். துணைக்கோளம் மேலிருந்து கீழே முழுத் தூணையும் சேர்த்துப் பார்க்கிறது. புகை 4 கி.மீ. உயரத்தில் போனாலும் படத்தில் அதே சாம்பல் நிறம்தான், நம் மூக்குக்கோ அது எட்டாது. 2023 ஜூன் மாதம் கனடாவின் கியூபெக் காட்டுத்தீப் புகை நியூயார்க்கில் தரையைத் தொட்டு வானத்தையே ஆரஞ்சாக்கியது. அதே பருவத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குச் சென்ற புகை பெரும்பாலும் உயரத்திலேயே மிதந்தது. அங்கே வானம் மங்கியதே தவிரத் தரைக்காற்று அந்த அளவுக்குக் கெடவில்லை. கனடாவின் ஊசியிலைக் காட்டுத்தீ பெரும் வெப்பத்தால் புகையைப் பல கி.மீ. உயரத்துக்குத் தூக்கி எறியும். நம் பக்கத்துப் பீட் தீக்கு அந்த வலு இல்லை. புகை பெரும்பாலும் தரையையொட்டிய 1 முதல் 2 கி.மீ. அடுக்குக்குள்ளேயே தவழ்ந்து வரும். தொலைவு குறைவு, உயரமும் குறைவு. நமக்கு இவ்வளவு கேடு விளைவதற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

சென்டினல்-5பி துணைக்கோளத்தின் ட்ரோபோமி கருவி தரும் புறஊதாத் தூசிக் குறியீடு மேகத்துக்கு மேலே உள்ள புகையையும் காட்டும், அது அதன் சிறப்பு. ஆனால் தரையையொட்டிய புகைக்கு அந்தக் குறியீட்டின் உணர்திறன் குறைவு. எனவே நம் பகுதியில் குறியீடு சிறியதாக இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே கருவியின் கார்பன் மோனாக்சைடு படம் நமக்குக் கூடுதலாக உதவும். கனன்று எரியும் பீட் அந்த வாயுவை ஏராளமாக வெளியிடுகிறது, மழை அதைக் கரைத்துக் கொண்டுபோவதில்லை, வாரக்கணக்கில் காற்றில் தங்கும். அதனாலேயே அந்தப் படத்தில் பழைய புகையின் தடமும் சேர்ந்து தெரியும். இன்றைய நிலவரம் என்று அதை வெளியிடக் கூடாது. தென்கொரியாவின் ஜெம்ஸ் கருவி 2020 முதல் கிழக்கு 128.2 பாகையில் நிலையாக நின்று பகலில் மணிக்கொரு முறை ஆசியாவின் காற்றை அளக்கிறது. தெற்கு 5 பாகை வரை அதன் பார்வை எட்டும் என்பதால் ஜம்பியும் பாலெம்பாங்கும் உள்ளே வருகின்றன. இதை நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை.

ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் வளிமண்டலச் சேவையின் ஐந்து நாள் கணிப்பு நாளைக்கு இருமுறை வெளியாகிறது. வண்ணமயமாக நகரும் அந்தப் படங்களைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். அதன் கட்டம் ஏறக்குறைய 40 கி.மீ.; ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். மேலும் இன்று காணப்பட்ட தீ அப்படியே தொடரும் என்று வைத்துக்கொண்டே அது ஓடுகிறது. இன்று மேகத்தால் மறைந்த தீ அதற்கும் தெரியாது.

கடைசியில் எல்லாம் தரை அளவீட்டில்தான் முடிய வேண்டும். புகை அடர்த்தியைத் துணைக்கோளம் ஒளியியல் தடிமன் என்ற எண்ணாகத் தருகிறது. அதை பிஎம் 2.5 ஆக, அதாவது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நுண்துகள் அளவாக, மாற்ற ஒரே ஒரு பெருக்கெண் கிடையாது; புகை அடுக்கின் உயரமும் ஈரப்பதமும் மாற மாற விகிதமும் மாறும். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, இருப்பதைவிட அடர்ந்த புகையாகத் தெரியும். தரை அளவீட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கமாகச் சொல்லப்படும் பிஎஸ்ஐ 24 மணி நேரச் சராசரி. புகை வந்து சேர்ந்த முதல் சில மணி நேரம் அது தாழ்ந்தே இருக்கும், புகை போன பிறகும் உயர்ந்தே இருக்கும். இப்போது பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் அதை நான்கு பிரிவாக வெளியிடுகிறது: கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை இயல்பு, 56 முதல் 150 வரை கூடுதல், 151 முதல் 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். நீரிணையின் இந்தப் பக்கம் உள்ளவர்களும் தெற்கே இருந்து புகை வரும் நாளில் சிங்கப்பூரின் வடகோடியான உட்லண்ட்ஸ் பக்கத்து எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. தெற்கு நிலையத்தில் எண் ஏறி ஒரு மணி கழித்து வடக்கில் ஏறினால் புகை உங்களை நோக்கி வருகிறது என்பது உறுதி. எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் ஏறினால், மேலே தங்கியிருந்த புகை கீழே இறங்கியிருக்கலாம். காலை 9, 10 மணிக்கு வெயில் ஏறிக் காற்று கலங்கும்போது அது நடக்கும்.

ஆசியான் சிறப்பு வானிலை மையம் 1993 முதல் சிங்கப்பூரில் இயங்கி வருகிறது. எச்சரிக்கை நிலையை உயர்த்தும்போது தீப்புள்ளிகளோடு அடர்ந்த புகைக்கற்றை தெரிகிறதா, காற்று அண்டை நாடுகளை நோக்கி வீசுகிறதா என்பதையும் சேர்த்தே அது பார்க்கிறது. அதன் அன்றாட வரைபடத்தில் புகைப் பகுதியும் காற்று அம்புகளும் வரையப்பட்டிருக்கும். செய்தியில் மட்டும் ஏன் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றே மிஞ்ச வேண்டும்?

உங்கள் இதழிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். துணைக்கோளப் படத்தை வெளியிடும்போது அதன் கீழே ஐந்து செய்திகளை அச்சிடுங்கள்: எந்தத் துணைக்கோளம், மலேசிய நேரப்படி எத்தனை மணிக்கு எடுத்தது, சுமத்ராவின் எந்தப் பகுதி அப்போது மேகத்தால் மறைந்திருந்தது, 750 மீட்டர் உயரத்தில் காற்று எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் வீசியது, அதே மணியில் அருகிலுள்ள இரண்டு மூன்று நிலையங்களின் பிஎம் 2.5 எவ்வளவு. இரண்டு வரியில் அடங்கிவிடும். இரவு அச்சுக்குப் போகும் இதழ் என்பதால், மாலை 5.30 மணி ஹிமாவாரி படம் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி நல்ல படங்களில் ஒன்று. காலையில் இதழைப் பிரிக்கும் வாசகருக்கு அது பதின்மூன்று மணி நேரம் பழையது. ஆகவே அதை "இன்றைய நிலை" என்று தலைப்பிடாமல், "நேற்று மாலை 5.30 மணிக்குப் புகையின் விளிம்பு லிங்காவின் மேல், வடக்கே மணிக்கு 20 கி.மீ." என்பது போல இடமும் வேகமும் சேர்த்து எழுதுங்கள். மீதிக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
துணைக்கோளப் படங்களைப் படித்துவரும் வாசகர்கள் சிலர்,
ஜொகூர் பாரு